உம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

உம்மு குல்சும் விடியற்காலை சுபஹு நேரத்தில் கண்ணை மூடி மவுத்தானாள். வெயில் ஏறுவதற்குள் பள்ளிவாசல் பெரிய மரைக்காயர் ஆதம்பாவாவிடமிருந்து ஆள் வந்துவிட்டது. மையவாடியில் கபுறு வெட்ட இடமில்லையாம். உப்புவெளியில் இருக்கிற சொந்தத் தோட்டத்தில் அடக்கிக்கொள்ளட்டுமாம்.

தங்கச்சி சுபைதாவுக்கு உச்சந்தலைக்கு ஏறியது கோபம். இடமில்லையா? பத்து ஆடு மேய்கிற அளவுக்கு அங்கே இடம் கிடக்கிறது. மூத்தவள் ராத்தா மெட்ராஸ் மாடிவீட்டை விற்று, நெஞ்சு நோயோடு ஊருக்கு வந்து சேர்ந்ததே ஒன்றுக்காகத்தான். "என்னை உம்மாவுக்குப் பக்கத்தில அடக்கு புள்ள." மூன்று மாதமாக இதே கதை. சுபைதாவும் கையைப் பிடித்து, ஓம், அடக்குறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாக்கு இருக்கிறதே, அதை என்ன செய்வது?

ஊருக்கு ராத்தா சினிமாக்காரி குமாரி நீலவேணி. வாப்பா டொக்யாட்டில் கப்பலுக்குப் பெயின்ட் அடித்தவர். மகளின் குரலை நம்பி, நாற்பத்தொன்பதில் தலைமன்னாரில் கப்பலேற்றி மெட்ராஸுக்குக் கூட்டிப்போனார். இரண்டு வருடம் கும்பலோடு கும்பலாக நின்றாள், பிறகு தோழி, பிறகு ராணி. இருபத்தாறு படம். குதிரை ஓட்டினாள், வாள் சுழற்றினாள், கலெக்டர் மகளாக இங்கிலீஸ் பேசினாள். ஒரு படத்தில் அம்மனாக நின்றாள். அது திருகோணமலையில் ஓடியபோது சல்லிக் கிராமத்துச் சனம் வண்டி கட்டி வந்து திரைக்கு முன்னால் கற்பூரம் கொளுத்த, தியேட்டர்காரர் தண்ணீர் வாளியோடு ஓடினார்.

அம்மனாக நின்றதும் பேரை மாற்றியதும்தான் மரைக்காயருக்குக் குற்றம். தொழுகையை விட்டாளா, நோன்பை விட்டாளா என்று மனிதர் ஒரு நாள் வந்து கேட்டிருந்தால் அல்லவா தெரியும்?

மையித்துக் குளிப்பாட்டுகிற பெண்ணும் வரவில்லை. மரைக்காயர் சொல்லாமல் வர ஏலாதாம். சரி, போகட்டும். சுபைதா முந்தானையைச் செருகிக்கொண்டு தானே கிணற்றில் இறைக்கத் தொடங்கினாள். மூன்றாவது வாளி மேலே வரும்போது படலை திறந்தது. வந்தவள் பரீதா, ஆதம்பாவாவின் பெண்சாதியேதான். கையில் கற்பூரமும் புதுச் சவர்க்காரமும் இருந்தன.

அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மூதூர் லோஞ்சிலும் கிண்ணியாத் துறையிலும் இறங்கியவர்கள். பத்து மணிக்கு முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. சல்லியிலிருந்து கனகம்மா வந்தாள். மாலை கொண்டுபோகக் கூடாது என்று யாரோ சொல்லியிருந்ததால் வெறுங்கையோடு வந்து, வேலியோரம் நின்று வாய்விட்டு அழுதாள்.

பெண்சாதியைக் கூட்டிப்போக ஆதம்பாவா வந்தார். படலைக்கு வெளியே நின்று, "பரீதா, வீட்டுக்கு வா," என்றார்.

பரீதா வாசலுக்கு வந்தாள். "இவட படம் பதினொண்டு பாத்திரிக்கேன். ஒவ்வொண்டுக்கும் கிண்ணியாவில மவுத்து வீடு எண்டு ஒங்கள்ட்டப் பொய் சொல்லித்தான் போன. இண்டைக்குத்தான் மெய்யாவே மவுத்து வீட்டுக்கு வந்திரிக்கேன். குளிப்பாட்டாம வர ஏலா."

ஆதம்பாவா விரல் மடித்து எண்ணிப் பார்த்தார். "அந்தப் பதினொரு பேருக்கும் நான் துஆக் கேட்டிரிக்கேன்," என்றார்.

மவுத்து வீடென்றும் பாராமல் பெண்கள் சிரித்துவிட்டார்கள். சுபைதா மட்டும் சிரிக்கவில்லை. ஈரக் கையோடு படலைக்கு வந்து அவருக்கு நேரே நின்றாள்.

"காக்கா, குளிப்பாட்ட ஆள் வந்திட்டாங்க. கபன் துணியும் இரிக்கி. கபுறுக்குள்ள இறக்கத்தான் ஆளில்ல. ராத்தாவுக்கு வாப்பா இல்ல, புருசன் இல்ல, புள்ள இல்ல. அந்நிய ஆம்புள தொட்டு இறக்கிறதா?"

அவர் நிலத்தைப் பார்த்தார். அடுத்து என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும்.

"ஒங்களப் பெத்த கையோட ஒங்கட உம்மா மவுத்தாப் போனா. எங்கட உம்மாதான் எனக்கு ஒரு பக்கமும் ஒங்களுக்கு ஒரு பக்கமும் பால் தந்தா. பால் குடிச்சவன் கூடப்பிறந்தவன் எண்டு நீங்கதான் பள்ளியில சொல்றீங்க. அப்ப ராத்தாவுக்கு இரிக்கிற ஒரே ஆம்புளச் சகோதரம் நீங்க. தோட்டத்தில இறக்குவீங்களா, உம்மாவுக்குப் பக்கத்தில இறக்குவீங்களா? அத மட்டும் சொல்லுங்க."

ஊரில் இதை அறியாதவர் இல்லை. மனிதர் இத்தனை வருடம் பொருமியதே அதனால்தான். சுவரில் புதுப்படம் ஒட்டுகிற ஒவ்வொரு முறையும் கடைத்தெருவில் நாலு பேர், "மரைக்கார், ஒங்கட ராத்தா வந்திரிக்கா," என்று பகிடி பண்ணுவார்கள். ஒரு படமும் பார்க்காமலே இருபத்தாறு படத்துக்கும் வெட்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

ஆதம்பாவா படலையில் கை வைத்தார்.

"கபுறு வெட்டுறவனுக்கு அளவு சொல்லணும்," என்றார் கடைசியில். "ராத்தா என்ன உசரம்?"

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மையித்தைச் சுமந்து சந்தூக்கு புறப்பட்டது. அப்படியொரு கூட்டத்தைத் துறைமுகத்து ஊர் கண்டதில்லை. கடைகளைச் சாத்தினார்கள். தியேட்டரில் பின்னேரக் காட்சியை நிறுத்திவிட்டார்கள். ஓர்ஸ் ஹில் அரசாங்கக் கந்தோர்க்காரர்கள் சைக்கிளை விட்டிறங்கி வழியோரம் நின்றார்கள். தோள் கொடுக்க ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு வந்தார்கள்; சந்தூக்கின் முன்கால் பிடித்த ஆதம்பாவாவை மட்டும் கடைசிவரை யாராலும் விலக்க ஏலவில்லை. பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. சுபைதா வேலியைப் பிடித்துக்கொண்டு, தெருமுனை திரும்பும்வரை பார்த்தாள். நெஞ்சு நிறைந்து போயிற்று. ராணியாகவே போகிறாள் ராத்தா.

பொழுது சாய, மஃரிபுக்கு முன் ஆதம்பாவா திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தார். முழங்கைவரை மண்.

"உம்மாவுக்கு வலப் பக்கம். முகத்த கிப்லாவுக்குத் திருப்பி நான்தான் வெச்சேன்."

சுபைதா தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஊருக்கு வந்த பிறகு ராத்தா என்னப் பத்திக் கேட்டாவா?"

"கேக்காத நாளில்ல. தம்பி வருவான், அவன்தான் என்னை இறக்குவான் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தா. நான்தான் நம்பல்ல காக்கா."

ஆதம்பாவா மண் கையாலேயே கோப்பையை வாங்கிக்கொண்டார்.