ஈய அங்கியின் படம்

அது செவ்வாய்க்கிழமை என்று நினைவு, புதனாகவும் இருக்கலாம். நினைவை நம்பிச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கதிரைத் தடுக்கும் அந்த ஈய அங்கியின் கனத்தில் சந்தேகமில்லை: ஆறு கிலோ.

விடியும்போதே எக்ஸ்ரே கூடத்தில் வரிசை நின்றது. பிடியக்கா அங்கியைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். அழும் குழந்தையின் காலை, நடுங்கும் கிழவரின் தாடையைப் படம் எடுக்கும்போது அசையாமல் பன்னிரண்டு வருடமாகப் பிடித்துப் பிடித்தே வந்த பெயர். டெக்னீஷியன்கள் சுவருக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துவார்கள். நோயாளியை அசையாமல் கட்டிவைக்கப் பட்டை வாங்கலாம்தான். முதலாளி டாக்டருக்கு இவள் கை அதைவிட மலிவு.

மூன்று மாதமாக அவள் வாய்ப்புண் ஆறவில்லை. அன்று ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தது. நாலாயிரத்துக்குக் குறையக் கூடாத வெள்ளை அணுக்கள் இரண்டாயிரத்து அறுநூறு. கதிரை அளக்கும் பேட்ஜோ பூச்சியம் என்றது. சொல்லாதா? தொலைந்துவிடும் என்று டாக்டர் அதைத் தன் மேசை இழுப்பறையில் அல்லவா பூட்டி வைத்திருந்தார்.

படம் எடுக்கும்போது அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத தைரியசாலி, சீட்டை விரல் நுனியால் தள்ளினார்.

"சத்துக் குறைவும்மா. நாளையிலேர்ந்து வீட்ல இரு."

"எத்தன நாளைக்கு சார்?"

"பாக்கலாம்."

அவர் அகராதியில் அதற்கு 'வராதே' என்று பொருள்.

அங்கியோடு வெளியே வந்து சீட்டை டெக்னீஷியன்களிடம் நீட்டினாள். மூத்த டெக்னீஷியன் அங்கியைக் கழற்றி வாங்கி, நோயாளியைப் போல மேசையில் படுக்க வைத்தான். அன்றுதான் முதல்முறையாக அவளும் சுவருக்குப் பின்னால் நின்றாள். படத்தில் ஈயம் வெள்ளையாக விழுந்திருந்தது. நெஞ்சுக்கு நேரே குறுக்காக மூன்று கறுப்பு விரிசல்கள், கதிர் உள்ளே புகுந்த வழிகள். தினமும் வேலை முடிந்ததும் அவளே ஒழுங்காக மடித்து வைத்த மடிப்புகள்.

மூன்று டெக்னீஷியன்களும் அவளோடு டாக்டர் அறைக்குப் போய்ப் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார்கள்.

"மடிச்சது அவதானே?" என்றார் டாக்டர்.

"மடிக்கக் கூடாதுன்னு தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான் சார்" என்றாள் பிடியக்கா.

புது அங்கி, பட்டை, உடம்பில் பேட்ஜ், அவளுக்குப் பதிவு மேசையில் வேலை. அதுவரை பொத்தானைத் தொடமாட்டோம் என்றார்கள்.

"வேற ஆள் கிடைக்காதா எனக்கு?"

"கிடைக்கும் சார். வந்ததும் இந்தப் படத்தக் காட்டுவோம்" என்றான் மூத்தவன்.

வரிசையில் நின்றவர்களைத் தாங்களே பக்கத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போய் விட்டுவந்து, வாசலில் உட்கார்ந்தார்கள்.

ஒரு மாதமாகிறது. டாக்டர் இன்னும் 'பாக்கலாம்' என்கிறார். இயந்திரம் போர்த்தியபடி கிடக்கிறது. அவர் கூட்டி வந்த புது ஆட்கள் இருவரும் படத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது ஆறு பேர். பிடியக்காவின் வெள்ளை அணுக்கள் மூவாயிரத்து நூறு.