வெலிச்கோ ஆட்டிய தலை

தோப்ரினோவோ நகரமன்றம் மூன்றாவது நாளாகக் கூடியிருந்தது. தலைநகரில் ஆட்சி கவிழ்ந்து, நாட்டின் பட்ஜெட் அந்தரத்தில் நின்றது. அது நிறைவேறும்வரை எந்தச் செலவுக்கும், போன வருடம் செலவானதில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் மாதாமாதம் வரும். சட்டம் அப்படி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நெவியானாவின் மேசையில் வந்து உட்கார்ந்தால்தான் அதன் குணம் தெரியும்.

நெவியானா நகரமன்றத்தின் நிதி அதிகாரி. இருபத்தாறு வருட வேலையில் ஒரு வரி பிசகியதில்லை. ஓட்டுரிமை கிடையாது, கேட்டால் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். அவள் தலையில் விழுந்திருந்தது டயாலிசிஸ் பஸ். மலைமேல் இருக்கும் மூன்று கிராமங்களிலிருந்து பதினொரு பேரை வாரம் மூன்று நாள் மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வண்டி. அது ஓட ஆரம்பித்ததே போன அக்டோபரில். மூன்று மாதச் செலவைப் பன்னிரண்டாகப் பிரித்தால் என்ன தேறும்?

"மாசத்துக்கு ஒரு வாரம் ஓட்டலாம்," என்றாள்.

"நல்லா இருக்கே! மிச்ச மூணு வாரம் கிட்னிக்கு லீவு விட்டுடலாமா?" என்றார் தலைவர் ரங்கெல். அவர் பஸ் பக்கம்தான். கோபம் வந்தால் இப்படித்தான் பேசுவார்.

வழி ஒன்று இருந்தது, ஒன்றே ஒன்று. ஊரின் சொந்த வருமானத்தில் கோடைத் திருவிழாவுக்கென்று வைத்திருந்த பணம். அதை மாற்றினால் இலையுதிர்காலம்வரை பஸ் ஓடும். திருவிழாவுக்கென்று பேசி வைத்திருந்த பாட்டுக்காரி வரமாட்டாள். ஆறு பேர் மாற்றச் சொன்னார்கள், ஆறு பேர் கூடாது என்றார்கள். பதின்மூன்றாவது ஆள் வெலிச்கோ.

வெலிச்கோ ஜெர்மன் நகரமான ஸ்டுட்கார்ட்டில் இருபது வருடம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். பாட்டுக்காரி அவருடைய யோசனை. அதற்காக இரண்டு நாள் மேசையைத் தட்டிக் கத்தியதில் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது.

"திருவிழான்னா உங்களுக்கு இளக்காரமா?" என்று முந்தின நாள் முழங்கியிருந்தார். "வெளிநாட்டுக்குப் போன புள்ளைங்க வருசத்துல அந்த ஒரு நாள்தான் ஊர்ப்பக்கம் எட்டிப் பாக்குது. என் பொண்ணு மூணு வருசமா வரல. இந்த வருசம் பாட்டு இருக்குன்னு சொல்லித்தான் டிக்கெட் போட வச்சிருக்கேன். அதையும் பிடுங்கிட்டா அப்புறம் எதுக்கு இந்த ஊரு?"

அதில் நியாயம் இருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. நெவியானாவுக்கும்தான். அவர் பேச்சு அவளுக்கு வலித்தது.

பெயர் கூப்பிட்டு ஓட்டெடுப்பு ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் "ஆதரவு", "எதிர்ப்பு" என்று உரக்கச் சொன்னார்கள். ஆறுக்கு ஆறு. கடைசி இருக்கை வெலிச்கோ.

"மாத்தலாமா, வெலிச்கோ?" என்றார் ரங்கெல்.

வெலிச்கோ வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. உடனே தலையைப் பலமாக இடமும் வலமும் ஆட்டினார்.

"ஆதரவு! ஏழு! தீர்மானம் நிறைவேறியது!" என்று அறிவித்தார் ரங்கெல்.

எங்கள் ஊரில் பக்கவாட்டில் ஆட்டினால் சம்மதம். மேலும் கீழும் ஆட்டினால் மறுப்பு. உலகம் தலைகீழாக ஆட்டுகிறது என்பதற்காக நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் வெளிநாடு போய் வந்தவர்களின் தலைக்கு ஊர் எதுவென்று சில நேரம் மறந்துவிடும்.

ஆறு பேர் கைதட்டினார்கள். நெவியானா வெலிச்கோவின் முகத்தைப் பார்த்தாள். வெளிறிப்போயிருந்தது. மறுப்பைத்தான் சொல்லியிருக்கிறார், அவசரத்தில் ஜெர்மன்காரர்களைப் போல. அறையில் அது அவள் ஒருத்தியின் கண்ணில்தான் பட்டது. சும்மா இருந்தால் போதும், பஸ் ஓடும். பதினொரு பேரையும் அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். அவர்களில் கீனா பள்ளியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

பேனாவை மூடினாள். திறந்தாள். எழுந்தே விட்டாள்.

"தலைவரே, ஒரு நிமிசம்."

"ஓட்டெடுப்புல நீ பேசக் கூடாதுக்கா."

"தெரியும். வெலிச்கோ ஆட்டினது ஸ்டுட்கார்ட் தலையா, நம்ம ஊர் தலையான்னு கேட்டுட்டு எழுதுங்க."

ரங்கெல் அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? பஸ்ஸு உன்னோடதுதானே?"

"பஸ்ஸு என்னோடதுதான். ஓட்டு அவரோடது."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கீனாவை இனி எந்த முகத்தோடு பார்ப்பது என்றிருந்தது. இப்படிப்பட்ட ஆட்களை வைத்துத்தான் இந்த நாடு இன்னும் சாயாமல் நிற்கிறது என்பது என் எண்ணம். யாருக்கு வேண்டுமானாலும் சொல்வேன்.

வெலிச்கோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு எழுந்தார். குரல் கிழிந்த துணிபோல வந்தது.

"நான் இப்ப எந்த ஊர்ல உக்காந்திருக்கேன்?"

"தோப்ரினோவோவுல," என்றார் ரங்கெல், ஒன்றும் புரியாமல்.

"அப்புறம் என்ன கேள்வி? எழுதினது எழுதினதுதான்."

கூட்டம் கலைந்ததும் நெவியானா நடைவழியில் அவரைப் பிடித்தாள். "நீங்க வேண்டாம்னுதான் ஆட்டினீங்க. எனக்குத் தெரியும்."

"ஆமா," என்றார் வெலிச்கோ. "நீங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா நாளைக்கே வந்து சண்டை போட்டு ரத்துப் பண்ணியிருப்பேன். எந்திரிச்சுக் கேட்டுட்டீங்களே அக்கா, அதுக்கப்புறம் நான் என்ன செய்ய?"

கோட்டை மாட்டிக்கொண்டு, மகளுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி அவர் படியிறங்கிப் போனார். நெவியானா அறைக்குப் போய் டிரைவரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கே வண்டியை எடுக்கச் சொன்னாள்.