நின்றால் நடுங்கும் வண்டி

ஓடும்போது அந்த வண்டியைக் குறை சொல்ல எதுவுமே இல்லை. நின்றால்தான் வம்பு. சிக்னலில், கடை வாசலில், எங்கே நின்றாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஸ்டியரிங், சீட்டு, கண்ணாடி, கதவுப் பிடி எல்லாம் குளிர்ஜுரம் வந்த பிள்ளை மாதிரி நடுங்கும். புத்தம் புது பிக்கப். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட நாங்கள் அப்போது பிரித்திருக்கவில்லை.

மற்றவர்களுக்கு இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் முடிந்தது. என் வீட்டுக்காரருக்கு அந்த வழி இல்லை. அவர் ஏற்றுவது ஐஸ்கிரீம். பின்னால் இருக்கும் குளிர்பெட்டி எஞ்சினால்தான் ஓடுகிறது. காலையில் கம்பெனி யார்டில் வரிசையில் நிற்கும்போதே பெட்டி நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் லோடு ஏற்ற மாட்டார்கள். அதனால் வரிசை முழுக்க எஞ்சின் ஓடும். இறங்கி நிற்கலாமே என்று கேட்பீர்கள். எஞ்சின் ஓடும் வண்டியை விட்டு டிரைவர் இறங்கக் கூடாது என்பது அந்த யார்டின் சட்டம். எப்போதோ யாருடைய வண்டியோ தானாக உருண்டுபோய்ச் சுவரை இடித்ததாம். எவனோ செய்த தப்புக்கு இவர் அந்த நடுக்கத்தின் மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவருடைய முதுகு மட்டும் நல்ல முதுகாக இருந்திருந்தால் அதையும் பொறுத்துக்கொண்டிருப்போம். அவர் முன்பு அதே கம்பெனியில் லோடு ஏற்றுபவர். முதுகில் டிஸ்க் பிதுங்கிக் கால் நரம்பை நசுக்கி, ஆபரேஷன் ஆனது. தூக்கக் கூடாது, குனியக் கூடாது, குலுங்கக் கூடாது என்று டாக்டர் அடுக்கினார். டிரைவர் வேலை பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். வண்டி நல்ல வண்டியாக இருந்தால் பார்க்கலாம், ஆனால் அந்த நரம்பு இன்னொரு தடவை நசுங்கினால் கால் போய்விடும் என்றார். நல்ல வண்டி என்றால் எங்கள் அகராதியில் புது வண்டி. ஆட்டமெல்லாம் பழைய வண்டிக்குத்தானே என்று நினைத்தோம்.

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் போன் எடுப்பவள். ஊரே என்னைத் திட்டும். பதிவு செய்துகொண்டோம், ஆள் வருவார்கள் என்று நானும் சலிக்காமல் சொல்வேன். அதனால் ஷோரூம் சர்வீஸ் அட்வைசரைப் பார்த்தவுடனேயே இவன் நம்ம ஜாதி ஆசாமி என்று எனக்குப் புரிந்துவிட்டது. மடிப்புக் கலையாத சட்டை, முகத்தை விட்டு இறங்காத சிரிப்பு. ஏறி உட்கார்ந்தார், எஞ்சினைப் போட்டார், ஸ்டியரிங்கில் ஒரு விரலை வைத்தார்.

"நார்மல்தான் சார். புது எஞ்சின். ஓட ஓட செட் ஆயிடும்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே நார்மல்.

ஓட ஓட எதுவும் செட் ஆகவில்லை. மறுபடி போனோம். இந்தத் தடவை பழி குளிர்பெட்டி மேல் விழுந்தது. பெட்டியின் கம்ப்ரசர்தான் வண்டியை ஆட்டுகிறது, பெட்டி கட்டியவரிடம் கேளுங்கள் என்றார் நார்மல். பெட்டி கட்டியவரிடம் போனால், என் பெட்டி தங்கம், எஞ்சின்தான் சரியில்லை என்றார். எங்கள் ஆபீஸில் இதைத்தான் பைப் பிரிவும் பம்ப் பிரிவும் செய்யும். என் வீட்டுக்காரர் வாயாடத் தெரியாதவர். கம்ப்ரசர் பெல்ட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு, அப்படியே வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். பெட்டி சும்மா கிடந்தது. வண்டி ஆடியது. நார்மல் கொஞ்சம்கூட அசரவில்லை. ஏதோ சாஃப்ட்வேர் ஏற்றி, நிற்கும்போது எஞ்சின் சுற்றும் ஐட்லிங் வேகத்தைக் கூட்டிக் கொடுத்தார். சில நாள் தணிந்த மாதிரி இருந்தது, பிறகு பழைய குருடி கதவைத் திறந்தாள்.

வெளியே ஒரு மெக்கானிக்கிடம் காட்டலாம் என்றால், வெளியாள் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்கள்.

அடுத்த தடவை நான் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துப்போனேன். பாதி தண்ணீர் ஊற்றி டேஷ்போர்டில் வைத்தேன். நார்மல் டிரைவர் சீட்டில், நான் பக்கத்தில். தண்ணீர் வளையம் வளையமாகக் கலங்கியது. டம்ளர் மெல்ல நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து, நார்மலின் மடியில் கவிழ்ந்தது. பேண்டைத் துடைத்துக்கொண்டே, லைட்டா இருக்கு மேடம் என்று ஒத்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு வயிறு குளிர்ந்தது. இனி பார்ப்பார்கள் என்று நம்பினேன். நம்பியது என் புத்தி.

எதையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வது கம்பெனி வழக்கம் என்று எங்களைப் பின்பக்க யார்டுக்கு அழைத்துப்போனார். கப்பலில் வந்து இறங்கிய அதே மாடல் பிக்கப்கள் தூசியோடு வரிசையாக நின்றன. ஒன்றை ஸ்டார்ட் செய்து, என் டம்ளரை வாங்கி அவரே வைத்தார். ஆடியது. இன்னொன்றை ஸ்டார்ட் செய்தார். அதுவும் ஆடியது.

"பாத்தீங்களா மேடம்? எல்லாமே இப்படித்தான் இருக்கு. அப்போ இதுதான் இந்த மாடலோட குணம்."

ஒரு வீட்டில் தண்ணீர் கலங்கி வந்தால் நாங்கள் ஆள் அனுப்புவோம். தெரு முழுக்கக் கலங்கி வந்தால், அந்தப் பக்கத் தண்ணீரே அப்படித்தான் என்று போனை வைத்துவிடுவோம். அதையே எனக்கு ஒருவர் சொன்னபோது டம்ளரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் வெள்ளந்தியாகத் தன் முதுகைப் பற்றிச் சொல்லித் தொலைத்தார். ஆபரேஷன் ஆனவன், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்று. நார்மலின் முகம் மலர்ந்தது. தேடிக்கொண்டிருந்த சாவி கிடைத்துவிட்ட முகம்.

"அப்படியா சார்? அப்போ ஆட்டம் வண்டியில இல்ல. உங்க நரம்புல. எங்களுக்குத் தெரியாத ஆட்டமெல்லாம் உங்களுக்குத் தெரியும்."

இந்தப் பேச்சு எப்படியோ ஐஸ்கிரீம் யார்டு வரைக்கும் போய்விட்டது. மற்ற டிரைவர்கள் இவருக்கு 'வைப்ரேஷன்' என்று பட்டம் கட்டினார்கள். இவரும் சிரித்து வைத்தார். தலையணை போட்டுப் பார்த்தார், ஸ்பாஞ்சு போட்டுப் பார்த்தார், காற்றடித்த டியூபின் மேல் உட்கார்ந்து பார்த்தார். சீட்டு உயர்ந்து உயர்ந்து தலை கூரையில் முட்டியதுதான் மிச்சம். வண்டியை விற்றுத் தொலைத்துவிடலாம் என்றேன். பார்க்க வந்தவர்கள் எஞ்சினைப் போட்டதும் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். வேறு வேலை பாருங்கள் என்றேன். தூக்கவும் முடியாமல் குனியவும் முடியாமல் இருப்பவனுக்கு யார் என்ன வேலை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு வலித்தது.

பிறகு அவருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் கை வைக்காமல் மேஜையில் உள்ளங்கையை ஊன்றிக்கொள்வார்.

"இது ஆடுதா பாரு."

"இல்லீங்க."

"நல்லா கை வச்சுப் பாரு."

நான் கை வைத்துப் பார்ப்பேன். மரமேஜை எங்கே ஆடும்? இல்லை என்று மறுபடி சொல்வேன். அப்போ அவன் சொன்னதுதான் சரி போல என்பார். வண்டி ஆடுவதை என் கண்ணால் பார்த்தேனே, டம்ளர் விழுந்ததே என்று அடித்துச் சொல்வேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். நம்பியதாகத் தெரியவில்லை.

இடது கால் முதலில் மரத்தது. அதை என்னிடம் சொல்லவில்லை. செருப்பு கழன்று கழன்று விழுவதை வைத்து நானே கண்டுபிடித்தேன். லீவு போடச் சொன்னேன், கெஞ்சினேன், கத்தினேன். வரிசையில் இடம் விட்டால் வேறு வண்டியை வைத்துக்கொள்வார்கள் என்று போனார். ஒரு நாள் காலை யார்டில் வரிசை நகர்ந்தபோது கிளட்ச்சிலிருந்து அவர் கால் நழுவியது. தூக்க நினைத்தார், தூக்க முடியவில்லை. வண்டி முன்னால் நின்ற வண்டியைத் தொட்டு அணைந்தது. அவரைப் பட்டம் கட்டிக் கூப்பிட்டவர்களே இறக்கித் தூக்கி வந்தார்கள்.

மறுபடி ஆபரேஷன். வலி குறையும், ஆனால் இடது பாதத்தை இனித் தூக்க முடியாது என்றார் டாக்டர். வண்டி ஆட்டத்தால்தானே இப்படி ஆனது என்று கேட்டேன்.

"அப்படி உறுதியா சொல்ல முடியாதும்மா. ஒரு தடவை ஆபரேஷன் ஆனவங்களுக்கு இது சகஜம்தான்."

இவரும் நம்ம ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளைக் கோட்டு மட்டும்தான் கூடுதல்.

பாதம் தொங்காமல் இருக்க ஒரு பட்டை, கையில் ஒரு தடி. இவற்றோடு அவர் வீட்டுக்கு வந்து, ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து, வாசலில் நிற்கும் வண்டியைப் பார்க்கப் பழகிக்கொண்டிருந்த நாட்களில்தான் போன் வந்தது. நார்மல். இந்த மாடலுக்கு ஒரு சின்ன செக்கப் இருக்கிறதாம், ஆட்டம் பற்றி நிறையப் பேர் புகார் கொடுத்துவிட்டதால் தொழிற்சாலையிலிருந்து ஆளே வந்திருக்கிறார்களாம். ஆள் அனுப்பி வண்டியை எடுத்துப்போனார்கள். மதியமே திரும்பி வந்தது. நார்மலே ஓட்டி வந்தார். ஒரு கீச்செயினும் கொண்டுவந்தார், அன்பளிப்பாம்.

கூடவே ஒரு பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சோப்பு அளவில் இரண்டு ரப்பர் கட்டைகள். கப்பலில் வரும்போது எஞ்சின் அசையாமல் இருக்க, எஞ்சினுக்கும் வண்டியின் அடிச்சட்டத்துக்கும் நடுவே தொழிற்சாலையில் இவற்றைச் சொருகி அனுப்புவார்களாம். அவை உள்ளே இருக்கும்வரை எஞ்சினின் நடுக்கமெல்லாம் நேராக வண்டிக்குள் இறங்கும். வண்டியை ஒப்படைக்கும் முன் பிடுங்கிவிட வேண்டும். எங்கள் வண்டி வந்த தொகுதியில் விட்டுப்போய்விட்டது. இரண்டும் நல்ல சிவப்பு. யார் கண்ணிலும் படாமல் போகக் கூடாது என்றுதான் சிவப்பாகச் செய்கிறார்களாம்.

"அப்போ பின்னாடி யார்டுல ஒப்பிட்டுக் காட்டுனீங்களே, அந்த வண்டிங்க?" என்று கேட்டேன்.

முதல் தடவையாக அந்தச் சிரிப்பு இறங்கியது. "அதெல்லாம் இன்னும் டெலிவரி ஆகாத வண்டி மேடம். அதுல கட்டை இருக்கத்தான் செய்யும்."

கட்டை எடுக்காத வண்டியைக் கட்டை எடுக்காத வண்டியோடு நிறுத்தி அளந்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் என் புருஷனின் நரம்பில் கோளாறு என்று தீர்ப்புச் சொன்னார்கள். இதில் பாதிக்கும் பாதி காரணத்துக்கு ஜனங்கள் போனில் என் ஏழு தலைமுறையை இழுப்பார்கள். நானோ, அந்தக் கட்டையை எடுக்க எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் கேட்டேன். ஸ்க்ரூ கூட இல்லை, சும்மா இழுத்தால் வந்துவிடும் என்றார்.

இவர் கட்டிலிலிருந்து கையை நீட்டினார். நார்மல் ஒரு துண்டைக் கொடுத்தார். இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். இப்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று நார்மல் விசாரித்தார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி வண்டியைப் பார்த்தார்.

நார்மல் போனதும் இவர் டம்ளரில் தண்ணீர் எடுத்து வரச் சொன்னார். தோளைக் கொடுத்து வண்டி வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனேன். வலது கால் ஏறியது. இடது காலை நான் இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தேன். சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் ஆகவில்லை என்றே நினைத்தேன். அப்புறம்தான் எஞ்சின் ஓடுவது தெரிந்தது. டம்ளரை டேஷ்போர்டில் வைத்தேன். தண்ணீர் அப்படியே இருந்தது. ஸ்டியரிங்கில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துக்கொண்டு அவர் அதையே பார்த்தார்.

"இப்ப ஆடல."

"ஆடலீங்க."

"அப்போ அன்னிக்கு ஆடுச்சு, இல்ல?"

"ஆடுச்சுங்க. வண்டிதான் ஆடுச்சு."

தலையாட்டினார். இந்தத் தடவை நம்பினார், முகத்தில் தெரிந்தது. காலைக் கிளட்ச்சில் வைக்கச் சொன்னார். குனிந்து, பாதத்தைப் பிடித்து வைத்தேன். அது கீழே சரிந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி சரிந்தது. இன்னொரு தடவை வைக்கப் போனபோது விட்டுவிடச் சொன்னார்.

"எஞ்சினை அணைச்சிடுங்க. உள்ள போலாம்."

"இருக்கட்டும். கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன். நல்லா இருக்கு."

கதவோரம் அவர் பாதத்தைப் பிடித்தபடியே நின்றேன். அணைக்க எந்த அவசரமும் இல்லை. அவர் இனி எங்கேயும் போகப் போவதில்லை.