கதையில் இடமில்லாத அண்ணன்

திம்மராயன் வீட்டின்மேல் மட்டும் மழை பெய்யத் தொடங்கி மூன்றாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. 1957 ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மத்திகிரி கால்நடைப் பண்ணையின் வைக்கோல் கொட்டகையில் வழக்கம்போல் நால்வர் கூடியிருந்தனர். பண்ணையில் மாட்டுக் கம்பவுண்டராக இருந்த நாராயணப்பன் வைக்கோல் போரில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி சரோஜம்மாள் தீவனம் நிறுக்கும் தராசின் ஒரு தட்டில் உட்கார்ந்திருந்தார். ஓசூர் மிஷன் பள்ளியின் தையல் டீச்சர் லூர்தம்மாளுக்குக் கவிழ்த்துப் போட்ட பால் கேன். கிருஷ்ணகிரி பஸ் கண்டக்டர் திம்மராயன் வாசலருகே, குடையை மடியில் வைத்துக்கொண்டு. நால்வரும் கதை எழுதுகிறவர்கள். வீட்டில் ஒருவர் தெலுங்கும் ஒருவர் கன்னடமும் பேசினாலும் கதையென்று உட்கார்ந்தால் தமிழ்தான். இன்று அந்தக் கொட்டகை இருந்த திசையில் பார்த்தால் தொழிற்சாலைப் புகைபோக்கிகள் தெரிகின்றன. அன்று தெரிந்தது சோளக்கொல்லை மட்டும்.

கூட்டம் தொடங்கிய வருஷமே நாராயணப்பன் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். பண்ணையில் ஒரு மாடு கறவை நின்றுவிட்டதென்று சொல்கிறவர்தான் அதற்குக் கையெழுத்தும் போட வேண்டும். அதேபோல், ஒரு கதையில் எது வேண்டாமென்று யார் சொல்கிறாரோ அவரே தம் பேனாவால் கோடு கிழித்து, ஓரத்தில் தம் பெயரை எழுத வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போகக்கூடாது என்பதற்காக வைத்த வழக்கம் அது. நீக்கியது நீக்கியவர் வீட்டுக்கே வந்து சேரும் என்பது பிறகுதான் தெரிந்தது. சரோஜம்மாளின் கதையொன்றில் நான்கு பக்கத்துக்குப் பெய்த மழையைத் திம்மராயன் நீக்கினார். மறுநாள் முதல் அவர் வீட்டு ஓட்டின்மேல் அந்த மழை பெய்தது, தெருவில் வேறெங்கும் ஒரு சொட்டு விழவில்லை. பக்கத்து வீட்டு நஞ்சம்மா அந்தத் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பிக் கொத்தமல்லி போட்டார். திம்மராயன் கதையிலிருந்து சரோஜம்மாள் நீக்கிய மாமரம் அவர் சமையலறையில் நின்றது, அடுப்பைக் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டியிருந்தது. அவரவர் தம் கதையிலிருந்து தாமே நீக்கியது மட்டும் எங்கும் வந்து சேரவில்லை. லூர்தம்மாள் தம் அப்பாவைப் பற்றிய ஒரு பக்கத்தைத் தம் கையால் நீக்கிவிட்டு வாரக்கணக்கில் வாசலைப் பார்த்திருந்தார். ஒருவரும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்செல்லாம் லூர்தம்மாள் தம் அண்ணனைப் பற்றி எழுதிய கதைக்குச் சென்னைப் பத்திரிகையிலிருந்து வந்த கடிதம் பற்றித்தான். அந்த அண்ணன் அருள்ஜோசப் யுத்த காலத்தில் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனவர். பிறகு ஒரு தகவலும் இல்லை. கதையில் ஒரு தங்கை காத்திருப்பாள், கடைசி இரண்டு பக்கத்தில் அண்ணன் தகரப்பெட்டியோடு வந்து நிற்பார். காத்திருப்பதோடு கதை முடிந்துவிட்டது, அண்ணன் வருகிற பக்கங்களை நீக்கி அனுப்பினால் தீபாவளி மலரில் போடுகிறோம் என்று பத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார். லூர்தம்மாளின் எழுத்து அதுவரை எங்கும் அச்சேறியதில்லை.

"அவர் சொல்றது சரிதான்க்கா. நானும் ரெண்டு வருஷமா அதத்தான சொல்றேன்" என்றார் திம்மராயன்.

"சொன்னியே, கோடு போட்டியா? மழைக்கு மட்டும் வேகமாப் போட்ட" என்றார் சரோஜம்மாள்.

"மழைக்குச் சோறு போட வேணாமே அக்கா."

லூர்தம்மாள் சிரிக்கவில்லை. "கோடு போட்டுட்டு, அவரு வராமப் போயிட்டா? இப்பக் காயிதத்திலயாவது இருக்காரு. அங்கயும் இல்லாமப் போயிடுவாரே."

சரோஜம்மாளின் தராசுத் தட்டு லேசாக ஆடியது. நாராயணப்பன், வருகிறவருக்குப் படுக்க இடம் வேண்டுமே, எங்கள் வீட்டில் மரம் நிற்கிறதே என்றார். "என் வீட்ல ஒரு கட்டிலு போடலாம். ஈரம் தாங்குவாருன்னா வரட்டும்" என்று திம்மராயன் பேனாவைத் திறந்தார். லூர்தம்மாள் அந்த இரண்டு பக்கங்களை நெஞ்சோடு வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார். கோடு கிழித்து, ஓரத்தில் பெயர் எழுதியாயிற்று.

வாரம் முழுவதும் ஒருவரும் வரவில்லை. திம்மராயன் தம் பஸ்ஸில் ஏறி இறங்கிய ஒவ்வொரு தகரப்பெட்டியையும் பார்த்தார். லூர்தம்மாள் வகுப்பில் பித்தான் காஜாவைத் தப்பான பக்கத்தில் தைத்துக் காட்டினார். சனிக்கிழமை திம்மராயன் வேலை முடிந்து வந்தபோது, அவர் வீட்டு மழையில் ஓர் ஆள் பெட்டியைத் தலைமேல் வைக்காமல் கீழே வைத்துவிட்டு, முகத்தை மேலே தூக்கி நனைந்துகொண்டிருந்தார். லூர்தம்மாளுக்கு ஆள் போயிற்று. அவர் ஓடிவந்து நின்றதும் அருள்ஜோசப், "லூர்து, தண்ணி குடு" என்றார். குடித்துவிட்டு, "அங்க பூமிக்குள்ள ஒரே சூடு" என்றார். பிறகு, "அம்மா எங்க?" என்றார். அம்மா போன வருஷமும் மாசமும் லூர்தம்மாள் சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "லூர்து, தண்ணி குடு" என்றார். கதையில் அவருக்கு இந்த மூன்று பேச்சுதான் எழுதியிருந்தது.

"என் தப்புதான். அண்ணன் வந்தாப் போதும்னு இருந்தேன். என்ன பேசுவாருன்னு யோசிக்கவே இல்ல" என்றார் லூர்தம்மாள். சேதி கேட்டு வந்திருந்த சரோஜம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "இப்ப யோசிக்கலாம் வா. எழுது, திம்மராயன் கோடு போடட்டும்" என்றார்.

அதன்பின் ஞாயிறுதோறும் அதே வேலைதான். லூர்தம்மாள் சின்ன வயசுப் பேச்சுகளை எழுதுவார், நாராயணப்பன் மாட்டு வைத்தியத்தையும் சரோஜம்மாள் ஊர்வம்பையும் சேர்ப்பார்கள், திம்மராயன் எல்லாவற்றுக்கும் கோடு கிழித்து வீட்டுக்குக் கொண்டுபோவார். அருள்ஜோசப் முதலில் தங்கையின் சமையலைக் குறை சொல்லத் தொடங்கினார். பிறகு குந்தாரப்பள்ளிச் சந்தையில் காளைக்குப் பல் பார்க்கும் விதம் பேசினார். புரட்டாசிக்குள் திம்மராயனையே, "கண்டக்டரே, ஊருக்கெல்லாம் டிக்கெட்டு குடுக்கற, எனக்கு ஒரு காஞ்ச வேட்டி குடுக்க மாட்டியா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். மழைக்கு வெளியே மட்டும் அவர் காலெடுத்து வைத்ததில்லை.

கதையைச் சரோஜம்மாள் தம் மணி மணியான கையெழுத்தில் படியெடுத்தார். ஒரு திங்கட்கிழமை காலை, பஸ்ஸுக்கு நேரமாவதற்கு முன், திம்மராயன் வீட்டில் நால்வரும் கூடி உறைக்குள் வைத்தார்கள். லூர்தம்மாள் கேழ்வரகுப் பசை தடவினார். கட்டிலில் இருந்து அருள்ஜோசப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இல்லாத கதைதான இது?"

"ஆமாண்ணா."

"ஓரத்துல நல்லா ஒட்டு. வழியில பிரிஞ்சிரப் போவுது."

இந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தது யாரென்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. பின்னால் ஊத்தங்கரைக்கு மாற்றலாகிப் போகிற சமயத்தில் நாராயணப்பன் கேட்டார், ஒவ்வொருவரும் மற்றவர் என்றே நினைத்திருந்தார்கள்.

அருள்ஜோசப் உறையை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மழையைக் கடந்து வெயில் காய்ந்த தெருவில் இறங்கித் தபாலாபீசுக்கு நடந்தார். ஈரச் சட்டை கடைத்தெரு தாண்டுவதற்குள் காய்ந்துவிட்டது. போஸ்ட்மாஸ்டர் உறைக்கு முத்திரை குத்திப் பைக்குள் போட்டு, பையின் வாயைக் கட்டி அரக்கு வைத்தார். பை கிருஷ்ணகிரி பஸ்ஸின் மேலே ஏறியதும் திம்மராயன் விசில் கொடுத்தார்.