நல்லாயிருக்கேன் என்று சொல்லாமல்

கடலிலிருந்து பனிமூட்டம் இறங்கிய நாட்களில் மட்டும் லினெட்டால் வாசற்கதவைத் திறக்க முடிந்தது. அப்போது தெரு இருக்காது. எதிர்வீடு இருக்காது. ட்ராம் மணி மட்டும் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல எங்கோ கேட்கும். உலகம் காணாமல்போன அந்தக் கொஞ்ச நேரம் அவள் நிலைப்படியில் நின்று உப்புக்காற்றை மூச்சிழுத்துக்கொள்வாள். மூட்டம் கலைந்து எதிர்வீட்டுச் சிவப்புக் கதவு தெரியத் தொடங்கினால் போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல்நுனிகள் மரத்துப்போகும். கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிடுவாள்.

இப்போதும் அதே படியில்தான் உட்கார்ந்திருந்தாள். மடியில் தொலைபேசி. அதைத் தொடாமல் வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடல்நிலைக்காக அரசு தரும் உதவித்தொகை தொடர வேண்டுமானால் மறுபடி ஒரு மதிப்பீடு நடக்க வேண்டும். ப்ரெஸ்டன் நகரில் இருக்கும் அலுவலகத்துக்கு நேரில் வா என்கிறார்கள். வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று போன மாதம் கேட்டதற்கு, முடியாது என்று பதில் வந்துவிட்டது. இன்று இன்னொரு தரம் கேட்க வேண்டும். போகாவிட்டால் தொகை நிற்கும். தொகை நின்றால் இந்த வீட்டு வாடகையும் நிற்கும். வீட்டை விட்டு வெளியே வர முடியாதவளிடமிருந்து வீடே போய்விடும்.

பக்கத்துவீட்டு கேனர் பின்வாசல் வழியாக வந்து, பிஸ்கட் டப்பாவைத் தானே திறந்துகொண்டு எதிரே நின்றாள்.

“போன தடவ ஏன் மாட்டேன்னாங்க, தெரியுமாடி? போன்ல அந்தப் பொண்ணு எப்படி இருக்கீங்கன்னு கேட்டா. நீ என்ன சொன்ன?”

“நல்லாயிருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்கன்னேன்.”

“அவ வீட்டு நாய் எப்படியிருக்குன்னும் விசாரிச்சிருப்ப!”

“கேட்டா சொல்ல வேணாமா? ஒரு மரியாதைக்கு…”

“நல்ல மரியாதை. உன்னால வெளிய வரவே முடியாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. நீ சிரிச்சுக்கிட்டே ஒரு குறையும் இல்லேங்கற. ‘தொலைபேசியில் உற்சாகமாகப் பேசினார்’னு பதில்லயே போட்டிருக்காங்க பாரு.”

அந்த ஊரில் வேறு மாதிரி பதில் சொன்னவர்களை லினெட் பார்த்ததில்லை. மீன்பிடிப் படகில் கை நசுங்கி, ரத்தம் சொட்டச் சொட்டத் தூக்கிவரப்பட்ட அப்பா, “பரவாயில்ல, மோசமில்ல” என்றுதான் நர்ஸிடம் சொன்னார். அம்மாவும் கடைசிப் படுக்கையில் அதையே சொன்னாள். கதவை யாருக்கும் வலிக்காமல் மெதுவாகச் சாத்துகிற விதம் அது.

எண்ணை அழுத்தினாள். காத்திருக்கச் சொல்லி இசை போட்டார்கள். கண்களை மூடினாள். மூடிய கண்ணுக்குள் கூடம் நீண்டுகொண்டே போயிற்று. கதவிடுக்கின் வழியே கடல் சத்தமில்லாமல் உள்ளே வந்து பாய்விரிப்பை நனைத்தது. கொக்கியில் தொங்கிய கோட்டுகள், எத்தனையோ நாளாக யாரும் போட்டுக்கொள்ளாதவை, பாசியைப்போல அசைந்தன. நனைந்த காலோடு அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பயமாக இல்லை. தூக்கம் வருவதுபோல இருந்தது.

“காலை வணக்கம், நான் டெஸ்மண்ட் பேசறேன். இன்னிக்கு எப்படி இருக்கீங்க மேடம்?”

பதில் நாக்கில் தயாராக இருந்தது. கேனர் வாயில் பாதி பிஸ்கட்டோடு தலையை வேகமாக ஆட்டினாள். லினெட் வாயை மூடிக்கொண்டாள். எங்கோ ட்ராம் மணி அடித்து ஓய்ந்தது.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

அவன் காத்திருந்தான். அவசரப்படுத்தவில்லை.

“நான் நல்லா இல்ல,” என்றாள் லினெட். யாரோ பக்கத்து அறையிலிருந்து சொன்னதுபோல இருந்தது அந்தக் குரல்.

அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. கடையில் அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து எழ முடியாமல்போன நாளைச் சொன்னாள். குப்பைத்தொட்டியைத் தெருவில் வைப்பதுகூடப் பக்கத்துவீட்டுக்காரிதான் என்று சொன்னாள். ப்ரெஸ்டன் என்று பெயரைக் கேட்டாலே குமட்டுகிறது என்றாள்.

“வாசல் வரைக்குமாவது வருவீங்களா?”

“மூட்டம் இருந்தா வருவேன்.”

கேனர் தலையில் அடித்துக்கொண்டாள். ‘கெடுத்துட்டியே’ என்று உதடு மட்டும் அசைந்தது.

“மூட்டம் இருந்தாலா?”

“ஆமா. தெரு இல்லாதப்ப. தெரு தெரிஞ்சா முடியாது.”

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம்.

“நீங்க சொன்னத அப்படியே எழுதிக்கறேன். டாக்டர் கடிதமும் இங்க இருக்கு. கொஞ்சம் இருங்க, மேல கேட்டுட்டு வர்றேன்.”

இசை திரும்ப வந்தது. கேனர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்து, தின்ன மறந்து, கையிலேயே வைத்திருந்தாள்.

“மேடம், ஒத்துக்கிட்டாங்க. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு நர்ஸ் உங்க வீட்டுக்கே வருவாங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?”

“இல்ல… நீங்க எப்படி இருக்கீங்க?”

அவன் இருந்த அறையின் இரைச்சல் அவளுக்குக் கேட்டது, நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சல்.

“பரவாயில்ல மேடம்,” என்றான் கடைசியில்.

அவள் அதை நம்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டாள்.

தொலைபேசியை வைத்ததும் கேனர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். “கேக்காம இருக்க முடியாதே உனக்கு! இதப் பாரு, செவ்வாய்க்கிழமை அந்த நர்ஸுக்கு எழுந்து போய் டீ போட்டு நீட்டின, கைய ஒடிச்சிருவேன். நல்லாத்தான் இருக்கான்னு எழுதிட்டுப் போயிருவா. நான் வந்து போடறேன்.”

“நல்ல கோப்பைய எடுத்து வைக்கட்டுமா?”

“லினெட்!”

“சரி, சரி.”

கேனர் போன பிறகு கூடம் அமைதியானது. லினெட் எழுந்து கதவருகே போய்ப் பலகையில் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. இத்தனை நாளும் அந்தப் பக்கம் போவது ஒன்றையே நினைத்திருந்தாள். இனி அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி ஈரக்கோட்டோடு, வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டு, மூட்டத்துக்குள்ளிருந்து மெல்ல உருவாகி வருவாள். தட்டுவாள்.

நெஞ்சு படபடத்தது. கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.