பூசைச் சீட்டில் ஒரு நன்றி

எனக்கு வாயில் வராத ஒரே வார்த்தை நன்றிதான். திட்டச் சொல்லுங்கள், மூச்சு விடாமல் திட்டுவேன்.

போன வருஷம் மேட்டுப்பாளையம் கம்பெனியில் என் வலது கை ரோலரில் மாட்டியபோது, ஓடி வந்து மெஷினை நிறுத்தியவர் கூட வேலை பார்க்கும் பாவாடை அண்ணன். கை தப்பியது. பதிலுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி. இந்த மாசக் கடைசியில் அவர் ரிட்டயர். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் பகுதியான உப்பளத்தில் கோயில் சாமியார் பைபிள் வகுப்பு எடுக்கிறார். பூசையில் தரும் நற்கருணை அப்பத்துக்குப் பழைய கிரேக்கத்தில் யூக்கரிஸ்தியா என்று பேராம். யூ என்றால் நல்ல, காரிஸ் என்றால் கருணை. இரண்டும் சேர்ந்தால் நன்றி.

"வினைச்சொல்லா சொன்னா யூக்கரிஸ்தோ, நன்றி சொல்றேன். நம்ம 'வந்தேன்' மாதிரி, 'நான்' உள்ளயே இருக்கு. ஆள் வச்சி சொல்ல முடியாது" என்று சிரித்தார்.

நான் ஆள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்றிக்காக அண்ணன் பெயரை வாசிக்கச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டேன். அவரையும் "சும்மா வாண்ணே" என்று கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தேன். சாமியார் வாயால் கேட்டுவிட்டால் என் வேலை முடிந்தது.

சாமியார் சீட்டுகளை வாசித்தார். "இறந்துபோன பாவாடை அவர்களின் ஆன்மா இளைப்பாற..."

சீட்டு என்னுடையதுதான். செத்துப்போன அப்பாவுக்கு மட்டுமே இருபது வருஷமாகச் சீட்டு எழுதிப் பழகிய கை, இவர் பெயரையும் நன்றிப் பக்கத்தை விட்டுச் சீட்டின் இறந்தோர் பக்கத்தில் எழுதித் தொலைத்திருக்கிறது. அவர் காப்பாற்றிக் கொடுத்த அதே கை!

சடாரென்று எழுந்துவிட்டேன்.

"சாமி, அவரு சாவல! இதோ எம்பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. தப்பு என்னுது. இந்தக் கை எனக்கு இருக்குதுன்னா அவராலதான்." கையைத் தூக்கிக் காட்டினேன். அண்ணன் பக்கம் திரும்பினேன். "நான்... ரொம்ப நன்றிண்ணே."

நான் எழுந்ததும் சிரித்த கூட்டம் அடங்கிப்போனது. அண்ணன் எழுந்து எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். "இருக்கறேன் சாமி" என்றார்.

உட்கார்ந்ததும் நன்றாகத் திட்டுவார் என்று பயந்தேன். அவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் செத்தப்புறந்தான் சொல்லுவாங்க, அருளானந்தம்" என்றார் மெல்ல. "நான் உக்காந்தே கேட்டுட்டேன்."

பூசை முடியும்வரை என் வலது கையை அவர் விடவில்லை.