ஓடைக்கரையின் ஒரே ஜன்னல்

டாகெட் ஜன்னல் சட்டத்தைத் தோளில் சுமந்து வருவதைப் பார்த்ததுமே தர்ஸா கதவைத் தாழிட்டாள்.

அவன் தட்டவில்லை. சட்டத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, விறகுக்கட்டை மேல் உட்கார்ந்து புகையிலையை மெல்ல ஆரம்பித்தான். அடிமை வைத்துக்கொள்ளும் மாநிலத்திலிருந்து வந்த இந்த மிசௌரிக்காரர்களுக்குக் காத்திருக்கத் தெரியும். ஓநாய்க்கும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில் கதவைத் திறந்தது அவள்தான்.

"என்ன இது?"

"ஜன்னல், அம்மணி. நாலு கண்ணாடி. ஒண்ணுல மட்டும் கீறல்."

"கண்ணு தெரியுது எனக்கு. இங்க எதுக்குன்னு கேட்டேன்."

"நாளைக்கு நில ஆபீஸ்ல, வீட்டுக்குக் கண்ணாடி ஜன்னல் இருக்கான்னு கேப்பாங்க. நீங்க பைபிள் மேல கை வெச்சு இருக்குன்னு சொல்லணும். சாட்சிக்கு வர்ற நானும் சொல்லணும். உங்க ஜன்னல்ல ஒட்டியிருக்கறது எண்ணெய்க் காகிதம். இதை இன்னிக்கு மாட்டுங்க, வேலை முடிஞ்சதும் கழட்டிக் குடுங்க. அடுத்த வாரம் கீழ்க்கரையில பெக்கமுக்கு வேணும்."

தர்ஸா சட்டத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஓரமெல்லாம் ஆணித் துளைகள், துளை மேல் துளை. இந்த ஓடைக்கரையில் எத்தனை குடிசை உண்டோ அத்தனையிலும் இது ஒரு நாள் தொங்கியிருக்க வேண்டும். இந்தக் கான்சாஸில் இப்படியெல்லாம் நடக்கிறது என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். நம்பியதில்லை.

"உங்க வீட்லயும் இதுதான் தொங்குச்சா?"

"போன மாசம். சத்தியம் பண்ணேன். வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல."

அடிமை முறை இந்தப் புது மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டு, மாசசூசெட்ஸிலிருந்து கணவனோடு வந்தவள் தர்ஸா. முதல் கோடையிலேயே காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று. கூட வந்த நண்பர்கள் போன குளிரைத் தாங்காமல் ஊர் திரும்பிவிட்டார்கள். நூற்று அறுபது ஏக்கரையும் கட்டிக்கொண்டு அவள் மட்டும் கிடந்தாள். சனிக்கிழமை பொது ஏலம். அதற்குள் பதிவாகாத நிலமெல்லாம் ஏலத்துக்குப் போய்விடும். இரண்டு வருடமாக அவள் இங்கேதான் குடியிருக்கிறாள் என்று சொல்ல, மிச்சமிருந்த ஒரே பக்கத்துவீட்டுக்காரன் டாகெட்.

அந்த டாகெட்டை ஒரு மாதமாக அவள் கண்காணித்து வந்தாள். அவள் எல்லைக் கற்களை ஒட்டி இரண்டு தடவை நடந்திருக்கிறான். "இவ்வளவு நிலத்தையும் தனியாவா வெச்சுக்கப்போறீங்க?" என்று ஒரு தடவை கேட்டான். செவ்வாய்க்கிழமை கடைத்தெருவில் ஒரு நில வியாபாரியோடு தலையைச் சேர்த்துக் குசுகுசுத்துக்கொண்டிருந்தான். அடிமை ஒழிப்பைப் பற்றி அவள் பேசிய கூட்டத்துக்கு வந்து, தொப்பியைக் கூடக் கழற்றாமல் பின்னால் நின்றுவிட்டுப் போனான்.

"எனக்காக ஏன் இவ்வளவு மெனக்கெடறீங்க?" என்றாள்.

"ஓடை உங்க நிலம் வழியாத்தானே எனக்கு வருது? நீங்க இருந்தா என் மாடு தண்ணி குடிக்கும். கோட்டுப் போட்ட பாஸ்டன் பணக்காரன் எவனாவது வாங்கினா அணை கட்டுவான். அவ்வளவுதான்."

பதில் கச்சிதமாக இருந்தது. கச்சிதமாக இருந்ததுதான் அவளை உறுத்தியது. ஜன்னலை மாட்டிப் பொய்ச் சத்தியம் செய்தால், மறுநாளே இவன் ஆபீஸில் போய்க் காட்டிக்கொடுக்கலாம். நிலம் யார் கைக்குப் போகும்?

காலையில் அவன் வண்டியோடு வந்தபோது ஜன்னல் வைத்த இடத்திலேயே சாய்ந்திருந்தது.

"மாட்டலையா?"

"இல்ல."

"உங்க பிடிவாதத்துல ரெண்டு கோவேறு கழுதை செய்யலாம்." சட்டத்தைத் தூக்கி வண்டியில் போட்டுச் சாக்கால் மூடினான். "சரி, அங்க நான் பேசிக்கறேன். நீங்க வாயைத் திறக்காம இருங்க, போதும்."

வாயைத் திறக்காதே என்கிறான். அப்படியானால் திறக்கத்தான் வேண்டும் என்று வழியெல்லாம் தர்ஸா முடிவு செய்துகொண்டே போனாள்.

பதிவாளருக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே வரிசையாகக் கேட்டார். உழுத நிலம் எவ்வளவு? கிணறு உண்டா? வீட்டுக்குத் தரை, கதவு?

"கண்ணாடி ஜன்னல்?"

"இருக்..." என்று டாகெட் முடிப்பதற்குள் தர்ஸா முந்திக்கொண்டாள்.

"இல்ல. எண்ணெய்க் காகிதம்."

பேனா நின்றது. பதிவாளர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு மாசமா இங்க வர்ற வீடெல்லாம் கண்ணாடி ஜன்னல் வெச்ச வீடு. இவ்வளவு கண்ணாடி எந்த வழியா இந்த ஊருக்கு வந்துச்சுன்னு நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். காகிதம்னு சொன்ன முதல் ஆள் நீங்கதாம்மா."

"காகிதம்னா நிலம் கிடைக்காதா?"

"யார் சொன்னா? ஜன்னலைப் பத்திச் சட்டத்துல ஒரு வரி கிடையாது. எனக்கு முன்னால இருந்தவர் கேட்டாரு, நானும் கேக்கறேன். குடியிருந்தாப் போதும்."

டாகெட்டின் தாடை அசைவதை நிறுத்தியது. ஒரு ஓடைக்கரையே, தேவையில்லாத ஒரு பொய்யை வீடு வீடாகச் சுமந்து திரிந்திருக்கிறது.

பதிவாளர் புத்தகத்தைப் பின்னால் புரட்டினார். "டாகெட், ஹைரம். போன மாசம். கண்ணாடி ஜன்னல், ஒன்று." விரல் அங்கேயே நின்றது. "நீங்க குடியிருந்தீங்கன்னு சொல்ற ஒரே சாட்சி இவர். இது பொய்ச் சத்தியம்னா இவர் சாட்சி இங்க செல்லாது. அவர் நிலமும் நிக்காது. பக்கத்து வீடுதானே, நீங்களே சொல்லுங்க. இவர் வீட்ல கண்ணாடி ஜன்னல் இருக்கா?"

தர்ஸாவின் கை இன்னும் பைபிள் மேல் இருந்தது. டாகெட் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மாதமாக அவள் பயந்த குழி இதுதான். ஆனால் தோண்டியது அவன் இல்லை. இல்லை என்று சொன்னால் அவன் நிலம் போகும். அவன் சாட்சி போனால் அவள் நிலமும் சனிக்கிழமை ஏலத்தில் நிற்கும்.

"இருக்கு," என்றாள். "நாலு கண்ணாடி. ஒண்ணுல கீறல். நேத்துதான் தொட்டுப் பார்த்தேன்."

முதல் வார்த்தையைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. பதிவாளர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். தும்மினார். பிறகு முத்திரையை எடுத்தார்.

திரும்பும் வழியில் மூன்றாவது மைலில் டாகெட் சாப்பாட்டு மூட்டையைப் பிரித்தான். சோள ரொட்டியைப் பிட்டான், வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"என் நிலத்துக்காக."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"நாளைக்கு வந்து, உங்க அடிமை ஒழிப்புக் கட்சிக்கு ஓட்டுப் போடு, கூட்டத்துல எழுந்து பேசுன்னு நிக்கமாட்டீங்களே? இல்லாட்டி ஆபீஸ்ல போய்ச் சொல்லிடுவேன்னு..."

"மாட்டேன், மிஸ்டர் டாகெட். சொன்னா நானும்தானே மாட்டிக்குவேன்?"

பதில் கச்சிதமாகத்தான் இருந்தது. அவன் அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். அந்தப் பார்வை தர்ஸாவுக்குப் புதிதல்ல. ஒரு மாதமாக அவள் அவனைப் பார்த்த பார்வைதான். வண்டிப் பலகையில் எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்துகொண்டான்.